நியூட்ரலில் இறங்காதீர்கள்: நாங்கள் சொல்லிக்கொடுத்தது பிழை

கொஞ்சம் நீளமான பதிவு. விடுமுறைக்கு நுவரெலியா, எல்ல என்று குடும்பத்தோடு புறப்பட இருப்பவர்களாவது கடைசி வரை வாசியுங்கள்.

2022 இல் டீசல் ஒரு லீற்றர் 460 ரூபாவுக்குப் போன காலம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். இரவு பகலாக வரிசையில் கிடந்தோம். கியூஆர் வந்த பிறகும் கிடைத்த லீற்றரை எண்ணி எண்ணித்தான் ஓடினோம். அப்போதுதான் எங்கள் பழைய டீசல் காரில் ஒரு பழக்கம் தொற்றியது. இறக்கம் கண்டால் கியரை நியூட்ரலுக்குத் தட்டிவிடுவது. எஞ்சின் சத்தம் அடங்கி வண்டி தானாக ஓடும்போது, காசு மிச்சமாவது போல மனதுக்குள் ஒரு சந்தோஷம்.

நாங்கள் செய்ததோடு நிற்கவில்லை. ஆசிரியர் அறையில் சொன்னோம். மச்சானுக்குச் சொன்னோம். எங்களிடம் படித்து இப்போது வான் ஓட்டும் பிள்ளைகளுக்கும் சொன்னோம். "சேர் சொன்னால் சரியாத்தான் இருக்கும்" என்று அவர்களும் நம்பினார்கள். எங்கள் கரையோரம் முழுக்கத் தட்டை. பாலத்து இறக்கம்தான் எங்களுக்கு மலை. அதனால் இந்தப் பிழை பல மாதம் பிழையாகவே தெரியவில்லை.

பிறகு ஒரு ஏப்ரல் விடுமுறையில் உம்மாவையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு நுவரெலியா போனோம். திரும்பும்போது பண்டாரவளை, எல்ல வழியாக வெல்லவாயவுக்கு இறங்கினோம். அந்தப் பாதை தெரிந்தவர்களுக்குத் தெரியும். எல்ல கடல் மட்டத்திலிருந்து சுமார் 1000 மீற்றர் உயரம், வெல்லவாய சுமார் 200 மீற்றர். 30 கிலோமீற்றருக்குள் அவ்வளவும் இறங்க வேண்டும். நாங்கள் வழக்கம்போல நியூட்ரலில் விட்டு, வளைவுக்கு வளைவு பிரேக் மிதித்து வந்தோம்.

இராவணா நீர்வீழ்ச்சி கடந்து கொஞ்சத் தூரத்தில் பின்னால் இருந்த மகள், "வாப்பா, என்னமோ கருகிற மணம்" என்றாள். வெளியே யாரோ குப்பை எரிக்கிறார்கள் என்று சொன்னோம். அடுத்த வளைவில் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. கால் அடிவரை போயும் வண்டி நிற்கவில்லை. மூன்றாம் கியரைப் போட்டோம், விழவில்லை. உம்மா சத்தமாக ஓதத் தொடங்கினா. கிளச்சை மிதித்து, எக்சிலேட்டரை ஒரு தடவை கொடுத்து மறுபடி தள்ளியபோது கியர் விழுந்தது. எஞ்சின் அலறியது. வேகம் குறையக் குறைய இரண்டாம் கியருக்கு வந்து, மலைப்பக்கம் இருந்த ஒரு பழக்கடை முன்னால் மண் மேட்டில் டயரை முட்டவிட்டு நிறுத்தினோம். அல்ஹம்துலில்லாஹ், ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. ஆனால் கைநடுக்கம் வெகுநேரம் நிற்கவில்லை.

கடைக்காரர் வயதான சிங்கள மனிதர், முன்பு லொறி ஓட்டியவர். சில்லில் தண்ணீர் ஊற்றப் போனோம். "ஊத்த வேணாம் மஹத்தயா, சூட்டுல வெடிக்கும், தானா ஆறட்டும்" என்று தடுத்தார். பிள்ளைகளுக்கு அன்னாசி வெட்டிக் கொடுத்துவிட்டு எங்களிடம் வந்து, "எந்த கியர்ல ஏறுவீங்களோ அந்த கியர்லதான் எறங்கணும். நியூட்ரல் போட்டா வண்டி உங்கட பேச்சு கேக்காது" என்றார். காசு கொடுத்தோம், வாங்கவில்லை.

ஊருக்கு வந்து கராஜில் காட்டி, கேட்டும் வாசித்தும் விளங்கிக்கொண்டதைச் சொல்கிறோம்.

ஆட்களோடு எங்கள் கார் சுமார் 1500 கிலோ. அது 800 மீற்றர் இறங்கும்போது வெளிவரும் சக்தியால் சுமார் 40 லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். அத்தனை சூட்டையும் நாங்கள் பெரும்பாலும் பிரேக்கின் தலையிலேயே கட்டினோம். பிரேக் எண்ணெய் காலப்போக்கில் ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 வகை புதிதாக இருக்கும்போது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறினால் அந்த அளவு 140 தான். கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி வரும், பெடல் பஞ்சாகும். நாங்கள் அந்த எண்ணெயை மாற்றிப் பல வருடம்.

இனி மிச்சம் பிடித்ததாக நினைத்த டீசல். கியரில் இருந்து காலை எடுத்தால் சில்லுதான் எஞ்சினைச் சுற்றுகிறது. அந்த நேரம் பம்ப் டீசலை நிறுத்திவிடும், செலவு இல்லை. நியூட்ரலில் எஞ்சின் அணையாமல் இருக்க டீசல் எரிந்துகொண்டே இருக்கும். மெல்லிய சரிவில் நியூட்ரல் கொஞ்சம் கூடத் தூரம் உருளலாம். மலை இறக்கத்தில் அதில் ஒரு சொட்டு லாபமும் இல்லை.

சிலர் சாவியையே அணைத்துவிட்டு இறங்குகிறார்கள். அது இன்னும் மோசம். டீசல் வண்டியில் பிரேக்கைக் காலுக்கு இலேசாக்கும் வெற்றிடத்தை எஞ்சினால் ஓடும் பம்ப்தான் தருகிறது. எஞ்சின் நின்றால் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பெடல் கல்லாகும். பவர் ஸ்டீயரிங்கும் கனக்கும். சாவியைக் கழற்றினால் ஸ்டீயரிங்கே பூட்டிக்கொள்ளலாம்.

ஆகவே:

1. இறக்கம் தொடங்க முன்பே மூன்றாம் அல்லது இரண்டாம் கியருக்கு வாருங்கள். வேகம் பிடித்த பிறகு கியர் விழுவது கஷ்டம்.

2. டீசலில் எஞ்சின் அமுக்கும் காற்று திரும்பவும் பிஸ்டனைத் தள்ளும். அதனால் உயர்ந்த கியரில் பிடிப்பு போதாது. பெரிய லொறிகளுக்குத் தனியாக எக்ஸோஸ்ட் பிரேக் வைப்பது இதனால்தான். கியரைக் குறைத்தால் பிடிப்பு கூடும். சத்தத்துக்குப் பயப்படத் தேவையில்லை, முள் சிவப்புக் கோட்டைத் தொடாவிட்டால் போதும்.

3. பிரேக்கைத் தொடர்ந்து தேய்க்காதீர்கள். நன்றாக மிதித்து வேகத்தைக் குறைத்து விட்டுவிடுங்கள், ஆறட்டும்.

4. கருகும் மணம் வந்தால் நிறுத்துங்கள். குப்பை எரிகிறது என்று பிள்ளைகளுக்குப் பொய் சொல்லாதீர்கள்.

5. பிரேக் எண்ணெயை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

இதை எழுத ஒரு காரணம் உண்டு. போன வாரம் எங்கள் பழைய மாணவர் ஒருவர் கடைத்தெருவில் நிறுத்தி, விடுமுறைக்கு நுவரெலியாவுக்கு ஆட்களை ஏற்றப்போவதாகச் சொன்னார். "சேர், நீங்க சொன்ன நியூட்ரல் வேலை நல்லா மிச்சம் தருது" என்று சிரித்தார். வானில் 14 பேர் வருவார்கள். அங்கேயே அவரை மறித்து இவ்வளவும் சொன்னோம்.

ஆனால் எங்கள் வாயால் கேட்ட மற்றவர்கள் யார் யார் என்று எங்களுக்கே ஞாபகம் இல்லை. கரும்பலகையில் பிழையாக எழுதினால் அழித்துவிட்டுத் திருத்தி எழுதலாம். வாயால் சொன்னதை அப்படி அழிக்க முடியவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறோம். எங்களிடம் அதைக் கேட்டவர்கள் தயவுசெய்து விட்டுவிடுங்கள். வாகனம் ஓட்டும் உங்கள் பிள்ளைகளுக்கும் இதைக் காட்டுங்கள். நாங்கள் எழுதியதில் பிழை இருந்தால் கராஜ் வேலை தெரிந்தவர்கள் திருத்துங்கள், ஏற்றுக்கொள்வோம்.