புது சேர்வர் வாங்கவில்லை, காரணம் இதுதான்



கொஞ்சம் நீளமான பதிவு. ஆனாலும் பாடசாலை சேர்வருக்கென்று காசு தந்தவர்கள் தயவுசெய்து முழுவதையும் வாசியுங்கள். காசு தராதவர்களும் வாசியுங்கள். ஒரு கணக்கும் ஒரு மன்னிப்பும் இதற்குள் இருக்கின்றன.

இரண்டாம் தவணை தொடங்கிய நாளிலிருந்து எங்கள் பாடசாலையின் கணினிகளில் பொது போல்டரைத் திறப்பது பெரும் பாடாகிப் போனது. பாடநூலில் 'கோப்புறை' என்று படிப்பிக்கிறோம், வாயில் வருவதென்னவோ போல்டர்தான். ஆய்வுகூடத்தின் மூலையில் இருக்கும் அந்த ஒரு சேர்வரில்தான் எல்லாமே கிடக்கிறது: புள்ளிப் பட்டியல்கள், வினாத்தாள்கள், பழைய சேர்விடாப்புகளின் ஸ்கேன் பிரதிகள். போல்டரைத் தட்டினால் மேலே அந்தப் பச்சைக் கோடு ஊர்ந்து ஊர்ந்து போகும். நாங்கள் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வந்தாலும் அது பாதி வழியில்தான் நிற்கும்.

புள்ளி பதிவது தாமதமானால் எங்களுக்குத்தான் கரைச்சல், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் ஒருநாள் ஒரு உம்மா மகனின் விடுகைப் பத்திரத்துக்காகக் காலை எட்டு மணிக்கு வந்தவர், லுஹர் பாங்கு சொல்லும் வரை அலுவலக வாங்கிலேயே இருந்தார். மகன் வெளிநாடு போக வேண்டும், ஏஜென்சி கொடுத்த தவணை அன்றோடு முடிகிறது. மகனுடைய பக்கம் சேர்வருக்குள் இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். எடுக்கத்தான் முடியவில்லை.

அந்த ஸ்கேன் பிரதிகள் ஏன் முக்கியம் என்பதை இளையவர்களுக்காகச் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26 இல் கடல் வந்தபோது கரையோரப் பாடசாலைகள் பலவற்றின் பதிவேடுகள் தண்ணீரோடு போயின. எங்களுடையவை மேல்தட்டில் இருந்ததால் தப்பின. ஆனாலும் ஈரம் பிடித்து, ஓரம் கருகியதுபோலாகி, புரட்டினால் உதிரும் நிலைக்கு வந்துவிட்டன. நம் ஊரில் பலருக்கு அந்தப் பக்கங்கள்தான் வயதுக்கும் பெயருக்கும் சாட்சி. அவற்றை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து தந்தது எங்கள் பழைய மாணவர் ஒருவர். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். 14,000 பக்கங்கள். சம்பளம் இல்லை. பின்னேரங்களில் வந்து, ஆய்வுகூடத்தையும் அவரே பார்த்துக்கொண்டார்.

இனி எங்கள் தவறு.

சேர்வர் மந்தமானதும் நாங்கள் இரண்டு முடிவுகளுக்கு வந்தோம். ஒன்று, மெஷின் பழையது, புதிது வாங்க வேண்டும். மற்றது, அந்தப் பொடியன் படங்களை ஏற்றி சேர்வரை நிரப்பிவிட்டான். இரண்டாவதை முதலில் யார் சொன்னது என்று இன்று தேடினால் எங்களில் ஒருவரும் வாய் திறப்பதில்லை. ஆனால் ஆசிரியர் கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டினோம். கடவுச்சொல்லை மாற்றினோம். ஆய்வுகூடச் சாவியைத் திருப்பிக் கேட்டோம். அவர் ஒன்றும் பேசாமல் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

பிறகு கடையில் விலை கேட்டோம். 465,000 ரூபா. 2022 இன் நெருக்கடிக்குப் பிறகு இந்தச் சாமான்களின் விலை உங்களுக்குத் தெரியும்தானே. இதே பக்கத்தில் உதவி கேட்டு எழுதினோம். நீங்கள் தந்தீர்கள். கட்டாரிலிருந்து வந்தது, சவூதியிலிருந்து வந்தது, ஐந்நூறு ரூபாவை ஒரு கடித உறைக்குள் வைத்துப் பிள்ளையிடம் கொடுத்தனுப்பிய தாயும் இருக்கிறார். மொத்தம் 172,500 ரூபா.

கடைக்கு முற்பணம் கட்டப்போன கிழமையில் எங்கள் கணிதப் பாட டீச்சர் ஒரு கேள்வி கேட்டார்: "வருத்தம் என்னெண்டே தெரியாம ஒப்பரேஷன் செய்யப் போறீங்களா சேர்?" கோபம் வந்தது உண்மை. ஆனால் பதில் இருக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நாலு பேர் ஆய்வுகூடத்தில் உட்கார்ந்தோம். ஒரு கொப்பியில் கோடு போட்டு, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சோதித்து எழுதினோம்.

முதலாவது, பெரிய ஒரே ஃபைலை அலுவலகக் கணினிக்குக் கொப்பி எடுத்துப் பார்த்தோம். ஒரு ஜிகாபைட் அளவு. ஒன்றரை நிமிடத்தில் வந்துவிட்டது. எங்கள் சுவிட்ச் 100 மெகாபிட் வகை, அதில் அதற்குமேல் எதிர்பார்க்க முடியாது. அப்படியென்றால் பாதை சரியாகத்தான் இருக்கிறது. போல்டர் திறப்பது மட்டும்தான் மந்தம். இரண்டும் ஒன்றல்ல என்பது அப்போதுதான் உறைத்தது. லொறி ஒரே தடவையில் நூறு மூட்டை அரிசி ஏற்றி வருவது ஒரு வேலை. ஒருவர் கடைக்கும் வீட்டுக்கும் நடந்து நடந்து ஒவ்வொரு சுண்டாக வாங்கி வருவது வேறு வேலை. போல்டரைத் திறப்பது இரண்டாவது மாதிரி. தெரு எவ்வளவு அகலமாக இருந்தாலும் நடை குறையாது.

இரண்டாவது, சேர்வரின் முன்னாலேயே உட்கார்ந்து ஹார்ட் டிஸ்க்கைப் பரிசோதித்தோம். பழுது ஏதும் காட்டவில்லை. இடமும் பாதிக்குமேல் காலியாகக் கிடந்தது. நிரம்பிவிட்டது என்று கூட்டத்தில் பேசிய நாங்கள் ஒருவரும் அதைத் திறந்து பார்த்திருக்கவில்லை.

மூன்றாவது சோதனைதான் விஷயத்தை உடைத்தது. அலுவலகக் கணினியில் அந்தக் கறுப்புக் கட்டளைத் திரையைத் திறந்து, 'டிர்' என்ற மூன்றெழுத்துக் கட்டளையைக் கொடுத்து, ஸ்கேன் போல்டரின் பட்டியலைக் கேட்டோம். 14,000 பெயர்களும் சில செக்கன்களில் ஓடி முடிந்தன. அதே கணினி, அதே கேபிள், அதே சேர்வர். வழமையான ஜன்னலில் திறந்தால் மட்டும் நாலு நிமிடத்துக்குமேல். சேர்வர் கேட்டதைக் கேட்டவுடன் கொடுக்கிறது. அளவுக்கு மீறிக் கேட்பது எங்கள் ஜன்னல்தான்.

என்ன நடந்திருக்கிறதென்றால், ஒரே போல்டரில் முழுவதும் படங்கள் இருந்ததால் விண்டோஸ் அதைப் 'பட ஆல்பம்' என்று நினைத்துக்கொண்டது. எங்களில் யாரோ 'படம் எடுத்த திகதி' வரிசைப்படி அடுக்கும்படியும் அமுக்கிவிட்டோம். பெயர் மட்டும் போதுமென்றால் பட்டியலைப் பார்த்தால் முடிந்தது. படம் எடுத்த திகதி வேண்டுமென்றால் ஒவ்வொரு படத்தையும் திறந்து, உள்ளே பார்த்து, மூடவேண்டும். இடையில் வைரஸ் கார்டும் ஒவ்வொன்றையும் தடவிப் பார்க்கும். ஒரு படத்துக்குச் செக்கனில் ஐம்பதில் ஒரு பங்குதான் போகிறது என்று வையுங்கள். 14,000 ஐ 50 ஆல் வகுத்தால் 280 செக்கன். 4 நிமிடம் 40 செக்கன். டீச்சர் கணக்கைப் போட்டுவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நாங்கள் குனிந்துகொண்டோம்.

வேறு இரண்டு பழுதுகளும் அகப்பட்டன. அலுவலகக் கணினியில் எதைத் திறந்தாலும் முதலில் சற்று நேரம் விறைத்து நிற்கும். 'நெட் யூஸ்' கட்டளையைக் கொடுத்துப் பார்த்தால், இரண்டு வருடத்துக்கு முன் களஞ்சிய அறையில் போட்ட பழைய கணினிக்கு இன்னும் ஒரு டிரைவ் இணைப்பு இருந்தது. ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டிவிட்டுப் பதில் வரும்வரை வாசலில் நிற்பதுபோல அது நின்றிருக்கிறது. அந்த இணைப்பை நீக்கியதும் விறைப்பும் போனது. ஆசிரியர் அறையில் ஒரு கணினி மட்டும் கொப்பி எடுப்பதிலும் மந்தம். அலுமாரிக் கால் கேபிளை நசுக்கியிருந்தது. புதுக் கேபிள் துண்டும் இரண்டு முனைகளும் 650 ரூபா. அதை எங்கள் கையிலிருந்து போட்டோம்.

இணையத்தில் தேடியபோது, பழைய 'எஸ்எம்பி 1' முறையைத் திரும்ப இயக்கினால் வேகம் வரும் என்றும் சிலர் எழுதியிருந்தார்கள். செய்யவில்லை. நீங்களும் உங்கள் கடையிலோ அலுவலகத்திலோ செய்யாதீர்கள். 2017 மே மாதம் உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டிக் காசு கேட்ட 'வன்னாக்ரை' அந்தக் கதவு வழியாகத்தான் பரவியது.

திருத்தம் இவ்வளவுதான். ஸ்கேன் பக்கங்களைச் சேர்ந்த ஆண்டு வாரியாகத் தனித்தனி போல்டர்களாகப் பிரித்தோம். ஃபைலின் பெயராகச் சேர்விலக்கத்தையே வைத்தோம். போல்டரின் ப்ரொபர்ட்டீஸில் 'கஸ்டமைஸ்' பகுதிக்குப் போய், படங்களுக்கு என்றிருந்ததை 'ஜெனரல் ஐட்டம்ஸ்' என்று மாற்றினோம். சிறுபடங்களைக் காட்டாமல் பெயரை மட்டும் காட்டும்படி வைத்தோம். இப்போது இரண்டு செக்கனில் திறக்கிறது. போன கிழமை வந்த ஒருவருக்கு அவர் வாங்கில் உட்காருமுன் பக்கத்தை எடுத்துவிட்டோம்.

படங்கள், அதாவது சினிமாப் படங்கள், அவற்றையும் தேடினோம். ஒன்றுகூட இல்லை. இருந்தவை 31 'நியூ போல்டர்'கள். எல்லாம் நாங்கள் போட்டவை. விளையாட்டுப் போட்டி, கலைவிழா, வாட்ஸ்அப்பில் வந்த காலை வணக்கம்கூட.

இதைவிட மோசமானது ஒன்றிருக்கிறது. அவர் எங்களிடம் முன்பே சொல்லியிருந்தார். "சேர், எல்லாத்தையும் ஒரே போல்டருக்குள்ள வெக்காம ஆண்டு ஆண்டாப் பிரிப்பம்" என்று ஸ்கேன் வேலை முடிந்த நாளில் கேட்டார். "தவணைப் பரீட்சை முடியட்டும் தம்பி" என்றோம். பரீட்சை முடிந்தது. நாங்கள் மறந்தோம்.

சென்ற வியாழன் அஸருக்குப் பிறகு நாலு பேரும் அவரைத் தேடிப் போனோம். டெலிபோன் திருத்தும் கடையொன்றில் வேலை செய்கிறார். எங்களைக் கண்டதும் எழும்பிக் கதிரை போட்டார், பிளேன்டீ எடுப்பித்தார். மன்னிப்புக் கேட்டோம். அவர் கையிலிருந்த டெலிபோனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "சாவிய எடுத்தது பரவால்ல சேர். வாப்பாட்ட யாரோ போய்ச் சொல்லிட்டாங்க. அவர் ஒரு கிழமையா என்னோட கதைக்கல்ல."

அதற்கு எங்களிடம் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. வாப்பாவின் வீட்டுக்கும் போனோம். கூட்டத்தில் பேசிய பேச்சு ஊருக்குள் போய்விட்டதால், இங்கும் பகிரங்கமாக எழுதுகிறோம்: அவர் மீது நாங்கள் சொன்னது பொய். அவர் ஒரு தவறும் செய்யவில்லை. இதை வேறெங்காவது கேட்டிருந்தால், கேட்ட இடத்திலேயே திருத்திச் சொல்லிவிடுங்கள். திரும்பி வருவீர்களா என்று கேட்டோம். "பார்ப்பம் சேர்" என்றார். இன்னும் வரவில்லை. வந்தாலும் வராவிட்டாலும் அது அவருடைய உரிமை.

இனிக் காசு. 172,500 ரூபாவும் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கணக்கில் அப்படியே இருக்கிறது. புது சேர்வர் தேவையில்லை. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும்: 14,000 பக்கங்களும் இன்று ஒரே டிஸ்க்கில் இருக்கின்றன. அது பழுதானாலோ தண்ணீர் வந்தாலோ இன்னொரு பிரதி இல்லை. இரண்டு வெளி டிஸ்க்குகள் வாங்கி, ஒன்றைப் பாடசாலையிலும் மற்றதைக் கடலுக்குத் தூரமான வேறொரு கட்டடத்திலும் வைக்கலாம் என்பது எங்கள் யோசனை. வாங்கலாமா, மீதியை என்ன செய்வது என்பதை நாங்கள் தீர்மானிக்க மாட்டோம். வரும் வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு பாடசாலை மண்டபத்துக்கு வாருங்கள். தந்த காசைத் திருப்பி எடுக்க விரும்புபவர்கள் பற்றுச்சீட்டோடு வாருங்கள், காரணம் கேட்கமாட்டோம். உறைக்குள் ஐந்நூறு ரூபா அனுப்பிய தாய்க்குப் பற்றுச்சீட்டு இல்லை. அவர் வந்தால் பிள்ளையின் வகுப்பைச் சொன்னால் போதும்.

கணக்குக் கொப்பியையும், அந்த ஞாயிற்றுக்கிழமை சோதனைக் கொப்பியையும் மேசையில் வைத்திருப்போம். பார்த்துவிட்டுப் பிழை இருந்தால் முகத்துக்கு நேரே சொல்லுங்கள்.