இரைச்சல் நுழையும் வழி

1990 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பற்றறியும் தடைசெய்யப்பட்ட பொருளாயிற்று. துவிச்சக்கரவண்டியைக் கவிழ்த்து நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுற்றி, டைனமோவின் மின்சாரத்தில் வானொலி கேட்ட காலம் அது. நெல்லியடியில் எங்கள் வீட்டு முற்றத்தில் மருமகன் சுற்ற, நான் பிபிசி தமிழோசையைக் கேட்டுக் குறிப்பெடுப்பேன்.

ஒருநாள் கரகரப்பின் நடுவே "பதினேழு" என்பது எனக்குப் "பதினெட்டு" என்று கேட்டது. இறந்தோர் தொகை அது. பத்திரிகையில் அவ்வாறே அச்சாயிற்று. மறுநாள் திருத்தம் வெளியிட்டோம். ஆயினும், உயிரோடிருந்த ஒருவரை நானே கொன்றுவிட்டதாக நெஞ்சு உறுத்தியது.

சந்தியில் வானொலி திருத்துபவர் ஒருவரிடம் முறையிட்டேன்.

"தம்பி, சத்தத்தைக் கூட்டினால் இரைச்சலும் கூடும். அது எந்த வழியால வருகுதெண்டு முதலில பாருங்கோ" என்றார்.

மின்சாரம் திரும்பிச் செல்வதற்கு வண்டியின் சட்டமே பயன்பட்டு வந்தது. துருவேறிய இணைப்பில் அது விட்டுவிட்டுப் பாய்ந்ததே கரகரப்புக்குக் காரணம். அதற்குத் தனிக் கம்பி இழுத்தார். டைனமோவின் ஆடலோட்டத்தை நேரோட்டமாக்கும் நான்கு டயோட்டுகளும் திறந்து மூடுகையில் வானொலி அலைகளை எழுப்பும். ஒவ்வொன்றின் குறுக்கேயும் சிறிய செறமிக் கண்டென்சரை வைத்தார். இரு கம்பிகளையும் ஒன்றோடொன்று முறுக்கினார். குரல் தெளிந்தது.

இன்று மின்சாரம் உண்டு. தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 இல் முடிந்துவிட்டது. இரைச்சல் மட்டும் வேறு உருவில் வருகிறது.

அக்காலத்து நேர்காணல் ஒலிநாடாக்களை அண்மையில் கணினிக்கு மாற்றினேன். தன் மகனின் வயதை ஒரு தாய் சொல்லும் இடத்தில் "டிட்டிட்டிட்" என்ற ஒலி மூடிக்கொண்டது. மேசையிலிருந்த என் பழைய 2ஜி கைப்பேசிதான் காரணம். அவ்வகைக் கைப்பேசி வினாடிக்கு ஏறத்தாழ 217 துடிப்புகளாக அலையை அனுப்பும். ஒலிபெருக்கியின் நீண்ட கம்பி அதற்கு அன்ரெனாவாகிவிடுகிறது. உள்ளிருக்கும் திரான்சிஸ்டர் அதைச் செவிக்குக் கேட்கும் ஒலியாக்குகிறது.

கைப்பேசியை அடுத்த அறையில் வைத்தேன். மின்னேற்றியைக் கழற்றினேன். கம்பியைக் குட்டையானதாக மாற்றி, பெட்டிக்குள் நுழையும் இடத்தில் ஃபெரைட் வளையம் ஒன்றில் மூன்று சுற்றுச் சுற்றினேன். பின்னர் நாடாவை மீண்டும் ஓடவிட்டேன்.

"பத்தொன்பது" என்றார் அந்தத் தாய்.

உறுதி செய்துகொள்ள இன்னொரு முறை கேட்டேன். அதன் பின்னரே எழுதினேன்.