காசிக்குப் போய் எதை விட்டேன்?

‘காசிக்குப் போனாலும் கர்மம் தொலையாது’ என்று பெரியவர்கள் சொல்வார்கள். கர்மம் தொலைக்க நான் போகவில்லை. மனசைக் குடைந்துகொண்டிருந்த ஒரு கேள்வியோடு போனேன்.

போன வருஷம் வைகாசியில் என் தங்கை காலமானாள். வயது முப்பத்தெட்டு. அதற்குப் பத்து நாள் முன்புதான் வருஷத்துக்கென்று ஆவக்காய் போட்டு, ஜாடியின் வாயை வெள்ளைத் துணியால் கட்டி வைத்திருந்தாள். படிப்புக்காக எங்களோடு தங்க வந்த அவள் பெண்ணுடன் அந்த ஜாடியும் வந்தது. திறக்க யாருக்கும் மனம் வரவில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம், ‘ஊறுகாய்க்கு இருக்கிற ஆயுசு மனுஷிக்கு இல்லையே! பிறகு எதற்காகச் சமைப்பதும், துவைப்பதும், சேர்த்து வைப்பதும்?’ என்று தோன்றும். எதிலும் பிடிப்பில்லாமல் போயிற்று. என் கணவர், “கிளம்பு, காசிக்குப் போயிட்டு வரலாம்” என்று டிக்கெட் எடுத்துவிட்டார்.

நல்ல தை மாதக் குளிரில் போய் இறங்கினோம். காசியில் 80-க்கும் மேற்பட்ட படித்துறைகள் இருக்கின்றன. நம் பக்கத்துக்காரர்கள் பெரும்பாலும் கேதார் காட், ஹனுமான் காட்டை ஒட்டித் தங்குகிறார்கள். பாரதியார் இளம் வயதில் அத்தை வீட்டில் தங்கிப் படித்ததும் இந்த ஹனுமான் காட்டில்தான். சந்துக்குச் சந்து தமிழ்க் குரல் கேட்கிறது.

விடியற்காலையில் படகில் ஏறினோம். கங்கை இங்கே தெற்கிலிருந்து வடக்காக ஓடுகிறாள். அவள் போக்கிலேயே போனால் மணிகர்ணிகை வருகிறது. இரவு பகல் ஓயாமல் சிதை எரிகிற இடம். நம் வீடுகளில் பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை அல்லவா? அதனால் ஓர் உடல் எரிவதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். வீட்டு உயரத்துக்கு விறகை அடுக்கி வைத்திருக்கிறார்கள். காய்கறிக்காரர் தக்காளி நிறுப்பதுபோல் பெரிய தராசில் நிறுத்துக் கொடுக்கிறார்கள். சிதைக்குச் சற்றுத் தள்ளி ஒருவர் டீ ஆற்றிக்கொண்டிருந்தார். பிணத்தின் மேலிருந்து விழுந்த சாமந்தி மாலையை ஓர் ஆடு மென்றுகொண்டிருந்தது.

அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. ‘இங்கே எரிகிற ஒவ்வொருவர் வீட்டிலும் ஏதாவது ஒரு ஜாடி திறக்காமல் இருக்கும்’ என்ற நினைப்புத்தான் வந்தது. ஏனோ அது பெரிய ஆறுதலாக இருந்தது.

காசியில் காய் விட்டோம் என்று சொல்கிறோமே, பலரும் அதைச் செய்வது கயாவில், அட்சய வடம் என்ற ஆலமரத்தடியில். அங்கே சிராத்தம் முடிந்ததும் ஒரு காய், ஒரு பழம், ஓர் இலை விட வேண்டும். நான் பாகற்காயை நினைத்துக்கொண்டு போயிருந்தேன். சாஸ்திரிகள் சிரித்துவிட்டார்.

“மாமி, பிடிக்காததை விட்டா அதுக்குப் பேர் தியாகம் இல்லை, சௌகரியம்! பிடிச்சதைத்தான் விடணும்.”

சேப்பங்கிழங்கை விட்டேன். நானும் தங்கையும் சின்ன வயசில் வாணலியில் ஒட்டியிருக்கும் முறுகலுக்குச் சண்டை போட்டுக்கொள்வோம். விட்டபோது அங்கேதான் எனக்கு அழுகை வந்தது.

ஊருக்குத் திரும்பியதும் ஜாடியைத் திறந்தேன். தயிர்சாதத்துக்கு ஒரு துண்டு வைத்ததும், “பெரியம்மா, இது அம்மா கைமணம்!” என்றாள் குழந்தை. அதே உப்பு, அதே மிளகாய்ப்பொடி, அதே நல்லெண்ணெய்தான். ஆனால் நான் போட்டால் அந்த ருசி வராது. அந்தக் கை சாம்பலாகிவிட்டது, மணம் மட்டும் இருக்கிறது. ஆத்மா என்பது இதுதானா, வேறா என்று சொல்கிற அளவுக்கு எனக்குப் படிப்பில்லை. ‘எதற்காக’ என்ற கேள்வி மட்டும் அதற்குப் பிறகு என்னை அத்தனை குடைவதில்லை. இந்த வைகாசியில் நானும் அந்தப் பெண்ணுமாகச் சேர்ந்து ஆவக்காய் போட்டோம்.

காசிக்குப் போகும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. மார்கழி, தையில் மூடுபனியால் ரயில்கள் தாமதமாகும். குழந்தைகளுக்குக் கம்பளி அவசியம். மணிகர்ணிகையில் போட்டோ எடுக்காதீர்கள், அது துக்க வீடு. கயாவில் எதை விடுவது என்று ரயிலிலேயே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். பாகற்காய் மட்டும் வேண்டாம்!