பாவனை விமானத்தில் ஓர் இரவு

ஆகாய விமானத்தின்மீது தீராத மோகங்கொண்ட நண்பர் நால்வர் நாங்கள். கல்லூரியை விட்டு நீங்கிப் பல்லாண்டுகள் சென்றும் அம்மோகம் எங்களை விட்டு நீங்கவில்லை. மாதந்தோறும் ஒருவர் இல்லத்திற் கூடி, விமான விபத்துக்களைப் பற்றிய விசாரணை அறிக்கைகளை வாசிப்பது எங்கள் வழக்கம். நாற்காலியிற் சாய்ந்தவண்ணம், "இவ்விடத்தில் இவர் இப்படித் திரும்பியிருக்கலாகாதா?" என்று விமானிகளின்மீது தீர்ப்புக் கூறுவோம். அத்தீர்ப்புக்களில் எங்களுக்கு ஐயம் எழுந்ததேயில்லை.

எங்கள் சம்பாஷணையில் அடிக்கடி தலைகாட்டுவது 2009-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆந் தேதி நியூயார்க்கில் நிகழ்ந்த சம்பவம். லாகார்டியா நிலையத்தினின்று எழும்பிய ஏர்பஸ் ஏ320 விமானத்தின் இரண்டு எஞ்சின்களும், பறவைக் கூட்டம் மோதியதால் வலுவிழந்தன. காப்டன் ஸல்லன்பர்கர் அதனை ஹட்ஸன் நதியில் இறக்கினார். உள்ளிருந்த 155 பேரும் உயிர் பிழைத்தனர். எங்களுள் ஒருவர் மாத்திரம், "புறப்பட்ட நிலையத்திற்கே திரும்பியிருக்கலாம்" என்று விடாது வாதிப்பார். ஏனைய மூவரும் வாயினால் மறுத்தோமேயன்றி உள்ளத்தால் மறுத்தோமில்லை.

இங்ஙனமிருக்க, பெங்களூரிலுள்ள ஒரு விமானிப் பயிற்சி நிலையத்தில், 'சிமுலேட்டர்' எனப்படும் பாவனை விமானத்தை ஓரிரவு இயக்கிப் பார்க்கும் வாய்ப்பு எங்களுக்குக் கிட்டியது. பகலெல்லாம் மெய்யான விமானிகள் பயிலும் யந்திரமாதலின், எங்களுக்குக் கிடைத்தது நள்ளிரவை அடுத்த இரண்டு மணி நேரமே.

இத்தகைய யந்திரத்திற்கு வழிகாட்டியவர் அமெரிக்க நாட்டு எட்வின் லிங்க் என்பவர். வாத்தியமாகிய ஆர்கன் செய்யும் குடும்பத்தில் வந்த அவர், அவ்வாத்தியத்தின் துருத்திகளைக் கொண்டே 1929-இல் தரையில் நின்றபடி அசையும் ஒரு சிறு விமானத்தை அமைத்தார். நாங்கள் கண்டதோ, ஆறு பெருங்கால்களின்மீது நிற்கும் வெண்ணிறக் கூண்டு. உள்ளே புகுந்தால் விமானி அறை. ஒரு பொத்தானும் குறைவில்லை. விமானம் வேகங்கொள்ளும் காட்சி திரையில் தோன்றும்போது, அக்கால்கள் கூண்டைச் சற்றே பின்புறம் சாய்க்கின்றன. முதுகை அழுத்துவது பூமியின் ஈர்ப்பே. உடலோ அதனை வேகமென்றே நம்புகின்றது.

பயிற்சியாளர், பணியினின்று ஓய்வு பெற்ற ஒரு காப்டன். அதிகம் பேசாதவர். எங்கள் வேண்டுகோளின்படி சென்னை மீனம்பாக்கத்தைத் திரையில் அமைத்துத் தந்தார். வாதப்பிரியராகிய நண்பர் இடப்புற ஆசனத்தில் அமர்ந்தார், மற்றொருவர் வலப்புறம், இருவர் பின்னே நின்றோம். விமானம் கிழக்கு நோக்கி ஓடி எழும்பிற்று. இடப்பக்கத்திற் பரங்கிமலை விலகிச் சென்றது. நகரத்து விளக்குகளுக்கு அப்பால் கடல் கரிய கோடாய்த் தெரிந்தது. எங்களுக்கிருந்த பெருமிதத்திற்கு அளவில்லை.

மூவாயிரம் அடியை அணுகுகையில், 'தொப், தொப்' என இரண்டு ஓசைகள் கேட்டன. எஞ்சின்களின் இரைச்சல் அடங்கிற்று. வலப்புறத்துத் திரைகள் இருண்டன. மணி ஓயாது ஒலித்தது. இதற்கு விடை யாதென்பதைப் பத்தாண்டுகளுக்கு மேலாக விவாதித்தவர்கள் நாங்கள்! எனினும் முதலில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். "என்ன ஆயிற்று?" என்றார் ஒருவர். "பறவையா?" என்றார் மற்றொருவர். பின்னர் நண்பர் விமானத்தை ஓடுபாதையை நோக்கித் திருப்பினார். நாங்களும், "திருப்பு, திருப்பு" என்றே கூவினோம். பாதையின் விளக்குகள் கண்ணுக்குத் தெரிந்தன, ஆனால் எட்டவில்லை. வேளச்சேரி வீடுகள் திரை நிறைய எழுந்து வந்தன. காட்சி அப்படியே உறைந்து நின்றது. மணியும் ஓய்ந்தது.

சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. விமானத்தை ஓட்டிய நண்பரின் இல்லம் வேளச்சேரியில்தான் உள்ளது.

"கடல் எதிரே இருந்ததே," என்றார் பயிற்சியாளர், மெல்ல. பின்பு அவர் ஒரு செய்தி கூறினார். ஹட்ஸன் சம்பவத்தை ஆராய்ந்தவர்களும் இத்தகைய யந்திரத்திலேயே சோதனை செய்தனர். பறவை மோதிய கணமே திரும்பியபொழுது, சில முறை விமானம் நிலையத்தை அடைந்தது. நேர்ந்தது யாதென உணர மனிதனுக்கு வேண்டிய அவகாசமாக 35 விநாடிகளைச் சேர்த்துச் சோதித்தபோது, அது நிலையத்தை எட்டாமலே வீழ்ந்தது. "நீங்கள் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டீர்கள், தெரியுமா?" என்று கேட்டார். நாங்கள் விடை கூறவில்லை; அவரும் கூறவில்லை.

மறுமுறை முயன்றோம். இம்முறை கடலை நோக்கியே சென்று, சிறகுகளைச் சமமாக நிறுத்தி, நீரைத் தொட்டோம். மகிழ்ச்சியால் நாங்கள் கைகொட்ட, பயிற்சியாளர் புன்னகைத்து, "இம்முறை உங்களுக்கு முன்னரே தெரியும்," என்றார்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதென்பது பழமொழி. அதனை நாங்கள் பிறர்க்கு உரைத்ததுண்டு, எமக்கென்று கொண்டதில்லை. மாதந்தோறும் இன்னமும் கூடுகின்றோம், அறிக்கைகளையும் வாசிக்கின்றோம். ஆயினும் தீர்ப்புக் கூறும் இடம் வந்ததும், வாதப்பிரியராகிய நண்பர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமீது வைக்கின்றார். 35 விநாடிகள் மௌனமாய் இருக்கின்றோம். அஃது எவ்வளவு குறுகிய காலமென்பதும், எவ்வளவு நீண்ட காலமென்பதும் இப்பொழுது எங்களுக்குத் தெரியும். அதன் பின்னர்ப் பெரும்பாலும் எவரும் தீர்ப்புக் கூறுவதில்லை.