குட்டியானைக்கு ஒரு மின்சார வாரிசு

2005 மே மாதம் டாடா நிறுவனம் ‘ஏஸ்’ என்ற சிறிய சரக்கு வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இரண்டு சிலிண்டர், 702 சி.சி. டீசல் எஞ்சின், 16 குதிரைத்திறன். அவ்வளவுதான். நம் மக்கள் அதற்குக் ‘குட்டியானை’ என்று பெயர் சூட்டினார்கள். வடக்கே அது ‘சோட்டா ஹாத்தி’. இருபது ஆண்டுகளில் எத்தனையோ மாதிரிகள் வந்துவிட்டன. எந்த நிறுவனம் செய்ததானாலும் அந்த அளவு வண்டி எல்லாமே நமக்குக் குட்டியானைதான்.

பத்மநாபபுரத்தில் இப்பெயருக்குக் கூடுதல் பொருத்தம் உண்டு. ஆண்டுதோறும் நவராத்திரிக்கு இங்குள்ள அரண்மனையிலிருந்து சரஸ்வதி யானைமீதேறித் திருவனந்தபுரம் புறப்படுகிறாள். ஏறத்தாழ 55 கி.மீ. குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் இரவு தங்கி, மூன்றாம் நாள் போய்ச் சேர்கிறாள். அதே பாதையில்தான் நம் குட்டியானைகள் வாழைக்குலை ஏற்றிக்கொண்டு, தங்கல் ஏதுமின்றி, விடியுமுன் சாலைச் சந்தையை அடைகின்றன.

அவற்றுள் ஒன்று என் மருமகனுடையது, தங்கையின் மகன். வேளிமலை அடிவாரத்துத் தோட்டங்களில் ஏத்தனும் செவ்வாழையும் மட்டியும் வாங்கி விற்கிறான். வண்டி தளர்ந்துவிட்டது. புதிதாக வாங்கத்தான் வேண்டும். வாங்கினால் மின்சார வண்டி வாங்கலாமா என்பது அவன் கேள்வி. கவிமணி ‘மருமக்கள் வழி மான்மியம்’ எழுதிய நாட்டில், மருமகனுக்கு யோசனை சொல்லும் பொறுப்பிலிருந்து மாமன் எளிதில் தப்ப முடியாது. முன்பணத்துக்கு அடகு வைக்கப்போவது என் தங்கையின் நகை என்பதால், கவனமாகவே பார்த்தேன்.

முதலில் என்னைக் கவர்ந்தது அதன் எளிமை. எஞ்சின் ஆயில் இல்லை, கிளட்ச் இல்லை, கியர் மாற்றும் வேலை இல்லை. சுமையோடு மேட்டில் நின்று புறப்படும்போது மோட்டார் முதல் கணத்திலேயே முழு இழுவையைக் கொடுக்கும்; இறக்கத்தில் கொஞ்சம் மின்சாரத்தைத் திரும்பப் பெறும். நம் ஊர் ஏற்ற இறக்கங்களுக்கு இது சிறு விஷயமன்று. கோட்டைக்குள் ஒடுங்கிய தெருக்களில் அதிகாலை மூன்று மணிக்கு யாரையும் எழுப்பாமல் வெளியேறலாம் என்பது இன்னொரு புண்ணியம்.

அமெரிக்காவில் ஸ்லேட் என்ற புது நிறுவனம் 2025 ஏப்ரலில் ஒரு சிறிய மின்சாரப் பிக்கப்பை அறிமுகப்படுத்தியபோது, சாயம் பூசாத உடலும், கையால் சுழற்றி இறக்கும் கண்ணாடியும், பாட்டுப்பெட்டி இல்லாமையும் பெருஞ்செய்தியாயின. நம்மவர்கள் அதைப் படித்தால் சிரிப்பார்கள். எளிமை அங்கே புதுமை. இங்கே அது வயிற்றுப்பாடு.

இனி, கிடைப்பவை. மூன்று சக்கர மின்சார வண்டிகள் விலை குறைந்தவை; மகிந்திராவின் ட்ரியோ சோர் (2020) 550 கிலோ சுமக்கும். தக்கலைக்கும் அக்கம்பக்கத்துக்கும் போதும், சாலைக்குப் போதாது. ஏஸ் இ.வி. 2022 மே மாதம் அறிமுகமானது: 21.3 யூனிட் மின்கலம், 600 கிலோ சுமை. 2024-இல் அதுவே ஒரு டன் சுமக்கும் வடிவில் வந்தது. மகிந்திராவின் சியோவும் அதே ஆண்டில் வந்தது. 2025 ஜூனில் ஏஸ் ப்ரோ: 750 கிலோ சுமை, 14.4 யூனிட் மின்கலம், ஒரு மின்னேற்றத்தில் 155 கி.மீ. என்று நிறுவனம் சொல்கிறது. அறிமுக விலை 6.50 லட்சம். அதன் பெட்ரோல் வண்டி 3.99 லட்சம்.

வேறுபாடு இரண்டரை லட்சம். நாளுக்கு 60 கி.மீ., ஆண்டுக்கு 300 நாள் என்றால் 18,000 கி.மீ. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், லிட்டருக்கு 20 கி.மீ. என்று கொண்டால் 90,000 ரூபாய். சுமையோடு ஒரு மின்னேற்றத்துக்கு 100 கி.மீ. மட்டுமே கிடைக்கும் என்று கஞ்சத்தனமாகக் கணக்கிட்டு, இழப்பையும் சேர்த்தால் 3,000 யூனிட். யூனிட் 10 ரூபாயானாலும் 30,000. ஆக நான்கு ஆண்டுகளுக்குச் சற்று மேலே அந்தக் கூடுதல் விலை திரும்பிவிடும். அதற்குப் பிறகுதான் லாபம்.

கணக்கை விளக்கி முடித்தபோது மருமகன் ஒன்றே கேட்டான்: “அதெல்லாம் சரி மாமா, சாலைக்குப் போயிட்டுத் திரும்பி வருமா?”

கேள்வி அங்கேதான் இருக்கிறது. போய்வர 110 கி.மீ. என் கஞ்சக் கணக்கின்படி திரும்பும் வழியில் நின்றுவிடும். சந்தையில் குலை இறக்கும் நேரத்தில் எங்காவது மின்னேற்றினால் வரும். ஆனால் அந்த ‘எங்காவது’ உறுதியாக இருக்கவேண்டும். குலை காத்திருக்காது, விலையும் காத்திருக்காது. தவிர, பழைய வண்டியைத் தக்கலையில் எந்த மெக்கானிக்கும் பிரித்துப் பூட்டுவார். மின்கலத்தில் கோளாறென்றால் நிறுவனத்தின் வாசலில்தான் நிற்கவேண்டும். எளிய இயந்திரம் என்பது உறுப்புகள் குறைந்தது மட்டுமன்று, நம் கைக்கு எட்டுவதும்கூட. அரண்மனை மணிமாளிகையின் கடிகாரம் எடைக்கட்டிகள் இறங்கும் விசையில் இத்தனை தலைமுறையாக ஓடுவது, அதைப் பிரித்துப் பார்க்கக்கூடிய கைகள் பக்கத்திலேயே இருந்ததால்தானே?

என் யோசனை இது. ஒரு மாதம் நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு நடையையும் தூரத்தோடும் சுமையோடும் எழுதிவை. சாலைப் பயணம் வாரத்துக்கு ஒன்றிரண்டுதான் என்றால் மின்சார வண்டி வாங்கு. அந்த நாட்களில் வேறொருவர் வண்டியில் கூட்டுச்சுமையாக அனுப்பு. நான்கைந்து என்றால் இன்னும் இரண்டு ஆண்டு பொறு. மின்கலம் மலிவாகும், வழியில் மின்னேற்ற இடங்களும் பெருகும்.

அவன் எழுதத் தொடங்கியிருக்கிறான். முதல் வாரத்தில் சாலைக்கு மூன்று நடை. எந்தப் பக்கமும் சாயாத எண்! மீதி மூன்று வாரம் இருக்கிறது; தங்கையின் நகையும் அதுவரை பெட்டியில்தான் இருக்கும்.