தறியும் ஒரு பேனாக் குறியும்

1969-இல் புற்றுநோயால் மறைந்த அண்ணாவின் பெயரில் காஞ்சிபுரம் காரப்பேட்டையில் இருக்கும் புற்றுநோய் மருத்துவமனையைக் கடக்கையில் எல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் வெம்பாக்கத்துக்காரர்கள் நாங்கள். அப்பாவின் மலக்குடல் கட்டியை நுண்துளை அறுவையில் எடுக்கலாம், நான்கைந்து சிறு துளைகள்தாம் என்று சென்னையில் சொன்னதும் நோயையே சிறிதாக எண்ணிக்கொண்டோம். உள்ளே தைத்த குடல் ஆறும்வரை வயிற்றில் ஒரு வாய் வைத்து மலத்தைப் பையில் இறக்குவார்கள் என்பதை அவரிடம் சொல்ல எங்களுக்கு நா எழவில்லை.

சொன்னவர் செவிலியர். முதல்நாள் பேனாவோடு வந்து, படுக்கவும் நிற்கவும் குனியவும் வைத்துப் பார்த்தார். மடிப்பிலும் வேட்டி இறுகும் இடத்திலும் பை நிற்காது, கசியும் என்றார். பிறகு, "ஐயா, தறியில எப்படி உட்காருவீங்க?" என்றார்.

அப்பா கட்டில் விளிம்பில் அமர்ந்து, குழிக்குள் இறக்குவதுபோல் கால்களைத் தொங்கவிட்டு முன்சாய்ந்தார். நெய்த பட்டைச் சுருட்டும் கட்டை எங்கே படும் என்று தொட்டுக் காட்டினார். குறி இரண்டு விரற்கடை இடம் மாறியது. தறிக்குத் திரும்புவோம் என்று அவர் நம்பத் தொடங்கியது அப்போதுதான் என்று நினைக்கிறோம்.

அறுவைக்கு மறுநாளே நடக்கவைத்தார்கள், எங்களுக்குக் கோபம்தான். படுத்தே கிடந்தால் காலில் இரத்தம் உறையும், நெஞ்சில் சளி கட்டும் என்று பொறுமையாக விளக்கினார் அதே செவிலியர். பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததுமே காலிசெய்ய வேண்டும்; சிறுநீர் குறைந்தால் உடனே வரவேண்டும். அம்மா எல்லாம் கற்றுக்கொண்டார். ஒட்டும் தகட்டை அளவாகக் கத்தரிக்க மட்டும் அப்பா அவரை விடவில்லை. இடைவெளி அதிகமானால் தோல் புண்ணாகும் என்று செவிலியர் எச்சரித்தபோது, "இழை எண்ணுன கண்ணும்மா இது" என்றார்.