விலகிச் செல்லாதிருப்போம்

சாலை விபத்து நடந்துவிட்டால், வேகமா, தூக்கமா, மதுவா என்று நாம் காரணம் தேடுகிறோம். தேட வேண்டியதுதான். ஆனால் விபத்துக்குப் பின்வரும் முதற் சில நிமிடங்களில், அடிபட்டவரின் உயிர் மருத்துவர் கையில் இல்லை. அவ்வழியே வந்தவர் கையில் இருக்கிறது. இவ்வுண்மையை நான் சென்ற கோடை விடுமுறையில் கண்ணாரக் கண்டேன்.

அப்பாவுடன் பேருந்தில் திண்டுக்கல்லிலிருந்து வந்துகொண்டிருந்தேன். ஒரு வளைவில் கார் ஒன்று புளியமரத்தில் மோதி நின்றது. உள்ளே ஓட்டுநர் ஒருவர் மட்டும். அவர் கையிலிருந்து இரத்தம் பெருகியது. சுற்றி முப்பது பேராவது இருந்திருப்பார்கள். சிலர் கைப்பேசியில் படம் பிடித்தனர். “இது போலீஸ் கேஸ், தொட்டால் கோர்ட்டுக்கு அலையணும்” என்றார் ஒரு பெரியவர். அதைக் கேட்டதும் முன்னே சென்ற இருவரும் பின்வாங்கினர்.

அப்போது எதிரே தேநீர்க்கடை வைத்திருந்த அக்கா ஓடிவந்தார். முதலில் காரின் சாவியைத் திருப்பி இயந்திரத்தை அணைத்தார். இரண்டு இளைஞர்களை வளைவின் இருபுறமும் அனுப்பி, வரும் வண்டிகளை மெதுவாகச் செல்லச் சொன்னார். “சார், 108க்குப் போன் போடுங்க. கிலோமீட்டர் கல்லில் என்ன போட்டிருக்குன்னு பார்த்துச் சொல்லுங்க” என்று அப்பாவைக் கேட்டுக்கொண்டார். துவைத்த துண்டு ஒன்றைக் காயத்தின் மேல் வைத்து அழுத்திப் பிடித்தபடி, அடிபட்டவரிடம் விடாமல் பேச்சுக் கொடுத்தார்.

ஒருவர் சோடா கொண்டு வந்தார். “குடிக்க எதுவும் வேண்டாம், அண்ணே” என்று தடுத்துவிட்டார் அக்கா. நினைவு தளர்ந்தவருக்குக் கொடுக்கும் நீர் மூச்சுக்குழாயில் இறங்கிவிடக் கூடும். மற்றொருவர் அவரை வெளியே இழுக்க முயன்றார். “கார் தீப்பிடிக்கலை. கழுத்தை அசைக்காதீங்க” என்றார் அக்கா. கழுத்தெலும்பு முறிந்திருந்தால், ஓர் அசைவே தண்டுவடத்தைக் கெடுத்து வாழ்நாள் முழுவதும் முடமாக்கிவிடலாம்.

ஆம்புலன்ஸ் சென்ற பின், “பயமாக இல்லையா, அக்கா?” என்று கேட்டேன். “இந்த வளைவுல எத்தனையோ பார்த்துட்டேன், பாப்பா. 108ல வர்ற தம்பிங்கதான் இதெல்லாம் சொல்லிக் குடுத்தாங்க. எல்லாரும் பயந்தா யாரு பார்க்கிறது?” என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

அப்பெரியவரின் அச்சம் மட்டும் என் மனத்தை விட்டு அகலவில்லை. அது உண்மைதானா என்று தேடிப் படித்தேன். ஒரு காலத்தில் அதற்குக் காரணம் இருந்தது. ஸ்கூட்டரில் சென்ற ஒருவர் கார் மோதி அடிபட்டார். அருகிலிருந்த மருத்துவமனை, போலீஸ் வழக்கு என்பதால் அவரை வேறிடத்துக்கு அனுப்பியது. வழியிலேயே அவர் இறந்தார். அச்செய்தியை முன்வைத்துப் பரமானந்த் கட்டாரா தொடுத்த வழக்கில், 1989இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: அரசு மருத்துவராயினும் தனியார் மருத்துவராயினும், போலீசாருக்காகக் காத்திராமல் உடனே உயிர்காக்க வேண்டும்.

உதவுபவரைத் துன்புறுத்தலாகாது என்ற நெறிமுறைகளை 2016 மார்ச் 30 அன்று அதே நீதிமன்றம் கட்டாயமாக்கியது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, நல்லெண்ணத்துடன் உதவுபவர் மீது வழக்குப் பொறுப்பு எதுவும் சுமத்தலாகாது என்கிறது. அவர் தம் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. ஓட்டுநருக்கோ கடமை உண்டு: காயமுற்றவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்ய வேண்டும், 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும். நம் மாநிலத்தில் முதல் 48 மணி நேர இலவசச் சிகிச்சைக்கென ‘இன்னுயிர் காப்போம்’ திட்டமும் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டது.

அப்பிரிவில் உதவுபவருக்குச் சட்டம் இட்டிருக்கும் பெயர் என்ன தெரியுமா, தோழியரே? ‘நல்ல சமாரியர்’! மறைக்கல்வி வகுப்பில் நாம் கேட்ட அதே பெயர். எருசலேமிலிருந்து எரிகோவுக்குச் செல்லும் வழியில் அடிபட்டுக் கிடந்தவனைக் குருவும் லேவியரும் கண்டார்கள்; கண்டும் விலகிச் சென்றார்கள். சமாரியரோ அருகில் வந்தார், காயத்தைக் கட்டினார், சத்திரத்தில் சேர்த்தார். அவருக்குத் துணை நிற்க அன்று எந்தச் சட்டமும் இல்லை. நமக்கு இருக்கிறது. ஆகவே விலகிச் செல்ல நம்மிடம் சாக்குப்போக்கு இல்லை.

நாம் சிறுமியர், வண்டிகள் விரையும் சாலையில் இறங்க நம்மால் இயலாமற் போகலாம். ஆனால் 108ஐ அழைக்கலாம், இடத்தைத் தெளிவாகச் சொல்லலாம், சோடாவைத் தடுக்கலாம், “சட்டம் உங்களைக் காக்கும், ஐயா” என்று தயங்கி நிற்கும் பெரியவரிடம் எடுத்துரைக்கலாம். அந்த ஒரு சொல் ஓர் உயிரைக் காக்கக்கூடும். இன்று மாலையே நம் வீடுகளில் அதைச் சொல்லத் தொடங்குவோமாக!